'மிஸ்ஸிங்': சதியா, தேடலா? தேடலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் அரசியல் த்ரில்லர் நம் மனதில் நிற்பது அது அம்பலப்படுத்தும் சதியாலா, ஆளைத் தொலைத்த குடும்பத்தின் தேடலாலா? இதுதான் இன்றைய தலைப்பு. இரண்டு அணிக்கும் பொதுவாகக் கொடுத்திருக்கும் படம், கோஸ்டா காவ்ராஸ் 1982இல் எடுத்த 'மிஸ்ஸிங்'. தேடலால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1973 செப்டம்பர் 11 அன்று சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தே அன்றே இறந்தார். ராணுவத் தளபதி பினோசே ஆட்சிக்கு வந்தார். ஆறு நாள் கழித்து, தலைநகர் சாந்தியாகோவில் குடியிருந்த சார்லஸ் ஹோர்மன் என்ற 31 வயது அமெரிக்கப் பத்திரிகையாளரை வீட்டிலிருந்து ராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. மனைவி ஜாய்ஸ் தேடினார். அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து அப்பா எட் ஹோர்மன் வந்து சேர்ந்தார். படத்தில் அப்பாவாக ஜாக் லெமன், மருமகளாக சிஸ்ஸி ஸ்பேசெக். மருமகளுக்குப் படத்தில் பெத் என்று பெயர். ராணுவப் புரட்சியிலும் மகனின் சாவிலும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பங்கு இருந்தது என்பதுதான் படம் சொல்லும் சதி.

எதிரணியில் முதலில் பேசிய நண்பர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "சிலியில் இருந்த அமெரிக்கத் தூதர் இந்தப் படத்தின் மேல் 15 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டாரே, குடும்பக் கதைக்கு யாராவது வழக்குப் போடுவார்களா?" என்றார். வழக்குப் போட்டது உண்மை, அது நிற்காமல் போனதும் உண்மை. நான் திருப்பிக் கேட்கிறேன். ராணுவப் புரட்சிக்குப் பின்னால் அமெரிக்கா இருக்கிறது என்று இடதுசாரிகள் மேடைக்கு மேடை முழங்கினார்கள். அத்தனை பேர் மேலுமா வழக்குப் போட்டார்கள்? அது கட்சிக்காரர்கள் பேச்சு என்று தள்ளிவிட முடிந்தது. மகனைக் காணோம் என்று வந்து நிற்கும் அப்பாவை அப்படித் தள்ள முடியவில்லை. அதனால்தான் இந்தப் படம் அவர்களைச் சுட்டது.

அந்த அப்பா யார் என்று பாருங்கள். அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர் இல்லை. கோட்டு, டை, தொப்பி போட்டு, நேரத்துக்கு வேலை பார்த்து, வரி கட்டி, தன் நாட்டின் தூதரகம் தன்னைக் கைவிடாது என்று நம்பி வந்தவர். வந்து இறங்கியதும் அவருக்கு ராணுவத்தின் மேல் கோபமே வரவில்லை. மருமகள் மேல்தான் வருகிறது. பிடித்துக்கொண்டு போகிற அளவுக்குப் பையன் என்ன முட்டாள்தனம் செய்தான் என்று அவளிடமே கேட்கிறார். நெருப்பில்லாமல் புகையுமா என்பதுதான் அந்தக் கேள்வி. நம் தெருவில் ஒருவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனாலும் முதலில் நம் வாயில் வருவது இதுதானே? இந்தக் கேள்வி இருக்கும்வரை எந்த அரசுக்கும் பயமில்லை. படம் முழுக்க அவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. பார்க்கிற நம் வாயிலிருந்தும்தான். கடைசியில் அதே மருமகளைப் பார்த்து, நான் கண்ட துணிச்சலான மனிதர்களில் நீ ஒருத்தி என்கிறார். சதியை விவரிக்கும் எந்த வசனமும் எனக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கவில்லை.

விளையாட்டு அரங்கக் காட்சிக்கு வருகிறேன். சாந்தியாகோவின் தேசிய விளையாட்டு அரங்கத்தை ராணுவம் சிறையாக்கி வைத்திருந்தது. கால்பந்து பார்க்க வருகிறவர்கள் உட்காரும் வரிசைகளில் கைதிகள். அந்த மைதானத்தில் அப்பா மைக்கைப் பிடித்து மகனை அழைக்கிறார். இருந்தால் வா, நான் அப்பா வந்திருக்கிறேன் என்கிற அந்தக் குரல் ஒலிபெருக்கியில் ஏறி வரிசை வரிசையாகப் போகிறது. அத்தனை முகங்களும் திரும்பிப் பார்க்கின்றன. அவருடைய மகன் மட்டும் வரவில்லை. அதில் ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை, சதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சர்வாதிகாரம் என்றால் என்ன என்று அந்தக் காட்சியைப் பார்த்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எதிரணிச் சகோதரி சொன்னதுதான் அவர்கள் பக்கத்தின் வலுவான வாதம். ஆயிரமாயிரம் சிலி மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் கண்ணீரை நடுவில் வைத்தது அந்த மக்களைப் பின்புலமாக்கிவிட்டது என்றார். இதை லேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் பிணவறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மாமனாரும் மருமகளும் ஒரே ஒருவரைத் தேடித்தான் உள்ளே போகிறார்கள். அறை அறையாக உடல்கள். நிமிர்ந்து பார்த்தால் மேலே கண்ணாடித் தளத்தின் மீதும் உடல்கள் நிழலாகக் கிடக்கின்றன. அவை சிலி மக்களின் உடல்கள். தன் பிள்ளையைத் தேடிப் போனவர் ஊரார் பிள்ளைகளைப் பார்க்கிறார். தேடல் இல்லையென்றால் கேமரா அந்தக் கதவைத் திறந்தே இருக்காது.

அப்புறம், சிலி மக்களின் அரசியலைப் பேசச் சொன்னீர்கள் அல்லவா, பேசுகிறேன். பினோசே வந்ததும் நாடாளுமன்றத்தை மூடினார்கள். கட்சிகளை முடக்கினார்கள். உறவினர்கள் போட்ட ஆட்கொணர்வு மனுக்களை நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி செய்தன. அரசியல் செய்ய இடமே இல்லாத அந்த நாட்டில் தெருவில் வந்து நின்றவர்கள் யார்? மனைவிமார்கள், அம்மாக்கள், அக்கா தங்கைகள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு, 'எங்கே அவர்கள்?' என்று கேட்டார்கள். குவேக்கா சிலியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஆட்டம். இந்தப் பெண்கள் அதைத் தனியாக ஆடினார்கள், எதிரில் ஆள் இல்லாமல். அத்தகாமா பாலைவனத்தில் கலாமா ஊர்ப் பெண்கள் தங்கள் ஆட்களின் உடல்களைத் தேடி மண்வெட்டியோடு ஆண்டுக்கணக்கில் மண்ணைக் கிளறினார்கள். 1990இல் எலும்புத் துண்டுகள் கிடைத்தன. சர்வாதிகாரிக்கு எதிராக அன்று உயிரோடிருந்த அரசியல் அந்த மண்வெட்டிதான். குடும்பத்தை ஒரு பக்கமும் அரசியலை ஒரு பக்கமும் வைத்து எதிரணி தராசு பிடிப்பது இங்கே செல்லாது.

த்ரில்லருக்குத் தேவையான பரபரப்பு சதியில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்கள். சரி, ஒன்று சொல்லுங்கள். சார்லஸைச் சுடுவதைப் படம் காட்டுகிறதா? காட்டவே இல்லை. ஆளுக்கொரு விதமாகச் சாட்சி சொல்கிறார்கள். தூதரக அதிகாரிகள் அவன் எங்காவது தலைமறைவாக இருப்பான் என்று நயமாகப் பேசி அனுப்புகிறார்கள். என்ன நடந்தது என்று அப்பாவுக்கு எவ்வளவு தெரியுமோ நமக்கும் அவ்வளவுதான் தெரியும். நம்மை இருக்கை நுனியில் உட்கார வைப்பது அந்தத் தெரியாமைதான். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது படத்துக்கும், சிறந்த நடிகர் விருது லெமனுக்கும் கிடைத்தன. நகைச்சுவைப் படங்களில் பெயர் வாங்கிய அந்த மனிதரின் முகத்தில் நம்பிக்கை வடிந்துபோவதைப் பார்க்கவே இந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள், படத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். உடல் அமெரிக்கா வந்து சேரவே மாதக்கணக்கில் ஆனது. 1977இல் குடும்பம் அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் உள்ளிட்ட அதிகாரிகள் மேல் வழக்குப் போட்டது. வழக்கு நிற்கவில்லை. அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கினார்கள், முக்கியமான இடங்களில் கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். 1993இல் எட் ஹோர்மன் காலமானார். ஜாய்ஸ் விடவில்லை. 1998இல் பினோசே லண்டனில் கைதான பிறகு அமெரிக்கா சிலி ஆவணங்களைத் திறந்தபோது, 1999இல் அந்த மை விலகியது. ஹோர்மனின் சாவில் அமெரிக்க உளவுத்துறைக்கு வருந்தத்தக்க பங்கு இருந்திருக்கலாம் என்று வெளியுறவுத் துறை அதிகாரிகளே 1976இல் எழுதி வைத்திருந்தது வெளியே வந்தது. 2000இல் ஜாய்ஸ் சிலிக்கே போய்ப் புகார் கொடுத்தார். 2015இல் சிலி நீதிமன்றம் இரண்டு முன்னாள் ராணுவ உளவு அதிகாரிகளுக்குத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைக் கூட்டியது.

கொலை நடந்து 43 ஆண்டு. இதற்கிடையில் அமெரிக்காவில் எத்தனையோ அதிபர்கள் மாறினார்கள், சிலியில் ஆட்சியே மாறியது. அந்தச் சதியை அத்தனை ஆண்டும் விடாமல் துரத்தியது யார்? எதிரணியினர் இதற்கு ஒரு பெயர் சொல்லட்டும், நடுவர் அவர்களே. அதன் பிறகு உங்கள் தீர்ப்பைக் கேட்டுக்கொள்கிறேன்.