நுரையீரல் நோய்க்கு எதுக்கு வியர்வை டெஸ்ட்?

ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு 14 மாசம். மூணு தடவை நிமோனியா வந்துடுச்சு, எடையும் ஏறல. டாக்டர் வியர்வை டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கார். சளிக்கும் வியர்வைக்கும் என்ன சம்பந்தம்?"

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸா இருக்குமோன்னு பார்க்கறார்மா. அது ஜீன் கோளாறால வர்ற பரம்பரை நோய். அதுல, செல்லுக்குள்ள குளோரைடு (உப்புல இருக்கற ஒரு பொருள்) போய்வர்ற வழி வேலை செய்யாது. அதனால நுரையீரல்ல சளி கெட்டியாகித் தேங்கும், கிருமி அங்கேயே தங்கிடும். வியர்வைச் சுரப்பியிலயும் அதே வழிதான் உப்பைத் திரும்ப உள்ளே இழுக்குது. அது நடக்கலைன்னா வியர்வை உப்பாகும். முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதா, மலம் எண்ணெய்ப் பிசுக்கோட நாறுதா? கேட்கலைன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

டெஸ்ட்டுக்கு ஊசி கிடையாது. முன்கையில பைலோகார்பின்ங்கற வியர்க்க வைக்கற மருந்தை வச்சு லேசா 5 நிமிஷம் கரண்ட் விடுவாங்க. அந்த இடம் சிவக்கும், அவ்வளவுதான். அப்புறம் சுருள் குழாயோ ஃபில்டர் பேப்பரோ கட்டி 30 நிமிஷம் வியர்வை எடுப்பாங்க.

கோளாறு வர்றது இங்கதான். குழாயில 15 மைக்ரோலிட்டர், பேப்பர்னா 75 மில்லிகிராம் கட்டாயம் வேணும். பத்தலைன்னா மறுபடி எடுக்கணுமே தவிர, ரெண்டு கையிலயும் வந்ததைச் சேர்த்து அளக்கக் கூடாது. சரியா மூடலைன்னா ஆவியாகி உப்பு கூடுதலா காட்டும். புரதம் குறைஞ்சு உடம்பு வீங்கியிருந்தா, நோய் இருந்தும் நார்மல்னு வந்துடும். அது ரொம்ப மோசம், ஏன்னா அதோட எல்லாரும் தேடுறதை நிறுத்திடுவாங்க. பேதி இருந்தா டெஸ்ட்டைத் தள்ளிப் போடுங்க. அன்னைக்கு கையில க்ரீம் தடவாதீங்க, பால் நல்லா கொடுங்க.

குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதுக்கு மேலயோ வந்தா, இன்னொரு நாள் திரும்ப எடுத்து உறுதிப்படுத்தணும். 30-க்குக் கீழன்னா வாய்ப்பு குறைவு. நடுவுல வந்தா ஜீன் டெஸ்ட். ரிப்போர்ட்ல 'கண்டக்டிவிட்டி'ன்னு (வியர்வை மின்சாரம் கடத்துற அளவு) போட்டிருந்தா இந்த 60 கணக்கு பொருந்தாது, அது வேற அளவு. அதை வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது.

ஜீன் டெஸ்ட்லயும் ஒண்ணு கவனிக்கணும். ஐரோப்பியர்கள்கிட்ட அதிகமா இருக்கற எஃப்508டெல் மாதிரி சில ஜீன் மாற்றங்களை மட்டும் தேடுற 'பேனல்' டெஸ்ட் இருக்கு. நம்ம நாட்டுல எஃப்508டெல் அந்த அளவு அதிகம் இல்ல. அதனால பேனல் நெகட்டிவ்னாலும் நோய் இல்லைன்னு ஆகிடாது, ஜீனை முழுசா படிச்சுப் பார்க்கற சீக்வென்ஸிங் பத்திக் கேளுங்க.

எல்லாமே நார்மலா வந்தா, பால் புரையேறுதா, எதிர்ப்பு சக்தியில குறை இருக்கா, பிறந்ததுலேர்ந்து மூக்கு ஒழுகிட்டே இருக்கான்னு அடுத்த பக்கம் தேடணும்.