மலையை வெட்டித் தண்ணி கொண்டு வந்த லின்ஷியன்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேச வந்திருக்கிறது சீனாவுல ஹெனான் மாகாணத்தோட வடக்குக் கோடியில, தைஹாங் மலை ஓரமா இருக்கிற லின்ஷியன்ங்கிற கவுண்டியப் பத்தி. கவுண்டின்னா மாகாணத்துக்குக் கீழ, நூத்துக்கணக்கான கிராமங்களச் சேத்து ஆளுற ஒரு நிர்வாகப் பிரிவு. 1994ல இத லின்ஜோ நகரம்னு மாத்திட்டாங்க, ஆனா நான் சொல்லப்போற காலத்துல அது லின்ஷியன் தான். இந்த ஊரப் பத்திப் பேசுறவங்க எல்லாரும் நேரா செங்கொடிக் கால்வாய்க்கு, அதாவது 1960கள்ல இந்த ஜனங்க மலையை வெட்டிப் பக்கத்து மாகாணத்து ஆத்துத் தண்ணியக் கொண்டு வந்த வாய்க்காலுக்குப் போயிடுறாங்க. நான் முதல்ல அந்த ஜனங்க அதுக்கு முன்னாடி எப்படிக் குடிச்சாங்க, எப்படிக் கழுவுனாங்கன்னு சொல்லிட்டுத் தான் அங்க வருவேன். அது தெரியாம போய்ப் பாத்தா அது வெறும் கல்லுக்கட்டா தான் தெரியும்.

அந்த மலை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்யிறதே ஜூலை ஆகஸ்ட்ல தான், பெய்யிற தண்ணியும் பாறை இடுக்குல இறங்கிக் காணாமப் போயிடும், மேல நிக்காது. பத்து வருஷத்துல ஒன்பது வருஷம் வறட்சின்னு அங்க ஒரு பேச்சே உண்டு. 1436ல இருந்து 1949 வரைக்கும் இருக்கிற பதிவுகளப் பாத்தா, பயிர் அடியோட போன கடும் பஞ்சம் மட்டும் 30 தடவைக்கு மேல வந்திருக்கு. மனுஷன மனுஷன் தின்ன வருஷங்களும் அதுல இருக்கு, அத எழுதி வச்சிருக்காங்க.

தண்ணி இல்லாத கிராமத்துல அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு கிண்ணத்துல கொஞ்சம் தண்ணி ஊத்தி வீட்டுல எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா அதுலயே முகம் கழுவுவாங்க, அந்த அழுக்குத் தண்ணியும் கீழ போகாது, மாட்டுக்கோ வேற வேலைக்கோ எடுத்து வைப்பாங்க. மழைத்தண்ணி, பனிக்கட்டி எல்லாத்தையும் தரைக்குள்ள வெட்டுன தொட்டியில சேத்து வைப்பாங்க. அதுவும் தீந்துட்டா மைல் கணக்குல நடக்கணும், தோள்ல காவடி மாதிரி ஒரு கம்பு, ரெண்டு பக்கமும் வாளி.

1920ல நடந்ததா அங்க ஒரு சம்பவம் சொல்லுவாங்க, எனக்கு இத மேடையில சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். புதுவருஷத்துக்கு முந்தின நாள், ஒரு பெரியவர் விடியறதுக்கு முன்னாடியே மலைச் சுனைக்குத் தண்ணிக்குப் போறாரு. அங்க ஏகப்பட்ட கூட்டம், நாள் முழுக்கக் காத்துக் கிடந்து ரெண்டு வாளி பிடிச்சுக்கிட்டு இருட்டுல வர்றாரு. வீட்டுக்குப் புதுசா வந்த மருமகப் பொண்ணு, மாமனார் இன்னும் வரலையேன்னு ஊர் எல்லை வரைக்கும் போய் அவர்கிட்ட இருந்து சுமைய வாங்கிக்குது. இருட்டுல கல்லு தடுக்கி விழுந்து தண்ணி மொத்தமும் கொட்டிப் போச்சு. அவளை யாரும் திட்டல. ஆனா அன்னைக்கு ராத்திரியே அவ தூக்குல தொங்கிட்டா. ரெண்டு வாளித் தண்ணிக்கு ஒரு உசுரு.

முயற்சி பண்ணலையான்னா பண்ணாங்க. 13ம் நூற்றாண்டுலயே ஒரு வாய்க்கால் வெட்டியிருக்காங்க, அப்புறம் மிங் அரச வம்சத்துக் காலத்துல ஷியே ஸிட்சொங்னு ஒரு கவுண்டி அதிகாரி வெட்டுன சின்ன வாய்க்காலுக்காக ஜனங்க அவருக்குக் கோயிலே கட்டுனாங்க. ஆனா இதெல்லாம் சில பத்து கிராமத்துக்குத் தான் ஆச்சு.

இனி 1954க்கு வருவோம். யாங் குய்னு 26 வயசுப் பையன் இந்தக் கவுண்டிக்குக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரா வர்றாரு. மூணு அணை கட்டிப் பாக்குறாங்க. 1959ல அடிச்ச வறட்சியில கவுண்டிக்குள்ள ஓடுற ஆறெல்லாம் வத்திப் போக, அணையில தேக்குறதுக்கே தண்ணி இல்ல. அப்ப தான் ஒரு முடிவுக்கு வந்தாங்க, பக்கத்து ஷான்ஷி மாகாணத்துல ஓடுற ஜாங் ஆத்துல இருந்து மலை ஓரமாவே ஒரு வாய்க்கால் வெட்டிக் கொண்டு வந்துடலாம்னு. 1960 பிப்ரவரி 11, விளக்குத் திருவிழா நாள், ஏறக்குறைய 37,000 பேர் கடப்பாரை சம்மட்டியோட, மாவு மூட்டையோட கெளம்பி மலைக்குப் போனாங்க.

முதல் சில வாரம் ஒரே குழப்பம். 70 கிலோமீட்டர் நீளத்துக்கும் ஆளப் பரப்பி விட்டுட்டாங்க, எங்க வெட்டணும்னு சொல்றதுக்கு ஆள் பத்தல, சில இடத்துல வாட்டமே தப்பாப் போச்சு. இங்க வாட்டம் எவ்வளவு தெரியுமா, 8 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு மீட்டர் இறக்கம்! அதுக்கு மேல சரிச்சா தண்ணி கீழ போயிடும், உயரத்துல இருக்கிற ஊருக்கு ஏறாது. ஒழுங்கான மட்டம் பாக்குற கருவி கவுண்டி முழுக்க ஒண்ணு ரெண்டு தான் இருந்துச்சு, மத்த இடத்துல தண்ணி ஊத்துன பாத்திரத்துல கட்டைய மிதக்க விட்டு அது வழியாப் பாத்து மட்டம் எடுத்திருக்காங்க. கொத்தனார் வேலை பாத்தவங்க யாராவது இங்க இருந்தீங்கன்னா அது எவ்வளவு பெரிய வேலைன்னு உங்களுக்குத் தெரியும். மார்ச்ல கூட்டம் போட்டு, மொத்த ஆளையும் ஷான்ஷிப் பகுதியில குவிச்சு, துண்டு துண்டா முடிச்சுக்கிட்டு வரலாம்னு தீர்மானம் பண்ணதுக்கு அப்புறம் தான் வேலை பிடிபட்டுச்சு.

அந்த வருஷம் என்ன வருஷம்னு மறந்துடக் கூடாது. 1960, சீனா முழுக்கப் பெரும் பஞ்சம், ஹெனான்ல ஷின்யாங் பக்கம் ஜனங்க கொத்துக் கொத்தாச் செத்துக்கிட்டு இருந்த நேரம். மத்த இடத்துல எல்லாம் விளைச்சல ஊதிப் பெருசாக்கிக் கணக்குக் காட்டி இருந்த தானியத்தையும் அரசாங்கத்துக்கு அனுப்பிட்டாங்க, லின்ஷியன்ல அந்தப் பொய்க்கணக்கு கம்மி, அதனால கையிருப்பு கொஞ்சம் இருந்துச்சு. அப்படியும் கால்வாய்ல வேலை செஞ்சவங்க காட்டுக்கீரையும் ஆத்துப்பாசியும் கலந்து தான் சாப்பிட்டாங்க, பலருக்குக் கை கால் வீங்கிப் போச்சு. நவம்பர்ல வேலைய நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்து முக்காவாசிப் பேர் வீட்டுக்குப் போனாங்க, ஆனா 300 இளவட்டம் மட்டும், வாய்க்கால் மலைக்குள்ள போறதுக்குக் குடைய வேண்டிய ஒரு சுரங்கத்துல தங்கிட்டாங்க. 616 மீட்டர் நீளம். பாறை எப்படின்னா உளிய வச்சு அடிச்சா வெள்ளைப் புள்ளி தான் விழும். ரெண்டு முனையில இருந்து மட்டும் குடைஞ்சா எந்தக் காலத்துலயும் முடியாதுன்னு, மலைப் பக்கவாட்டுல 5 துளை போட்டு உள்ள இறங்கி ஒரே நேரத்துல பல முகத்துல வெட்டுனாங்க. 1961 ஜூலைல அது திறந்துச்சு. அதுக்கு இளைஞர் சுரங்கம்னே பேர்.

வெடி வச்ச பிறகு பாறையில தொங்கிட்டு நிக்கிற கல்ல தட்டி விடணும், இல்லன்னா கீழ வேலை செய்யிறவன் தலையில விழும். இதுக்குன்னே இடுப்புல கயிறு கட்டித் தொங்குற ஒரு குழு, அதுக்குத் தலைவர் ரென் யாங்செங். ஒரு நாள் மேலிருந்து விழுந்த கல்லு அவர் வாயில பட்டு முன்பல்லு சாஞ்சு நாக்க அழுத்திக்கிச்சு. கையில இருந்த கம்பியால நெம்பி எடுத்துட்டு மறுபடி வேலை பாத்திருக்காரு. இடுப்புல கயிறு அறுத்து அறுத்து ஆறாத புண்ணு. கால்வாய்க்குத் திட்டம் போட்ட வு ஜுதாய்ங்கிற 27 வயசு இன்ஜினியர், சுரங்கத்துல விரிசல் விட்டிருக்குன்னு பாக்க உள்ள போனவர், கூரை இடிஞ்சு விழுந்து அங்கேயே போயிட்டாரு, வேலை ஆரம்பிச்ச ரெண்டாவது மாசத்துலயே.

மொத்தம் 81 பேர் செத்தாங்க. இத நான் அழுத்திச் சொல்றேன். அந்த ஜனங்களோட உழைப்ப நான் கையெடுத்துக் கும்பிடுறேன், ஆனா பசியில இருக்கிறவன மலை மேல ஏத்துன காலத்தையும் சேத்துச் சொல்லாம வெறும் சாதனைன்னு பேசுறது அந்த 81 வீட்டுக்கும் பண்ற அநியாயம். காசும் அவங்களோடது தான், செலவுல கிட்டத்தட்ட 85 சதவீதம் கவுண்டியும் கிராமங்களுமே போட்டது, சுண்ணாம்பு அவங்களே சுட்டாங்க, வெடிமருந்தும் அவங்களே தயார் பண்ணாங்க.

1965 ஏப்ரல் 5, தலைமை வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. அப்புறம் கிளைகள், கிளையோட கிளைகள், 1969ல மொத்தம் முடிஞ்சப்ப நீளம் 1,500 கிலோமீட்டர். கல்ல வெட்டக் கத்துக்கிட்ட அந்தக் கைங்க சும்மா இருக்கல, 80கள்ல லின்ஷியன் கொத்தனாருங்க ஆயிரக்கணக்குல கெளம்பி நாடு முழுக்கக் கட்டட வேலைக்குப் போனாங்க, கவுண்டிக்குள்ள பணம் புழங்குனதே அதுக்கப்புறம் தான்.

இன்னும் ஒரு கூட்டத்தப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்க. வாய்க்காலோட முதல் 20 கிலோமீட்டர் போறது ஷான்ஷியில பிங்ஷுன் கவுண்டி நிலத்துல. அவங்களும் ஏழைங்க தான். வீட்ட விட்டுக் குடுத்தாங்க, நிலத்தக் குடுத்தாங்க, மூதாதையர் சமாதியக் கூட எடுத்து வேற எடத்துல வச்சாங்க, வேலைக்கு வந்தவங்களுக்குத் திண்ணையில எடம் குடுத்தாங்க.

எல்லாரும் அப்படி இல்ல. ஜாங் ஆத்துத் தண்ணிய நம்பி ஹெபெய் மாகாணத்துலயும் ஊருங்க இருக்கு, கோடையில ஆறு மெலிஞ்சா யாருக்கு எவ்வளவுன்னு சண்டை. 1992 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி அந்தத் தகராறுல தலைமை வாய்க்காலையே வெடி வச்சு உடைச்சுட்டாங்க, கீழ இருந்த கிராமங்களுக்குள்ள வெள்ளம் பூந்துச்சு. அதுக்கப்புறம் தான் அந்த ஆத்துத் தண்ணியப் பங்கு போடுறதுக்கு மத்திய அரசாங்கமே தனியா ஒரு நிர்வாகம் வச்சது. இன்னைக்கும் மேல எவ்வளவு விடுறாங்களோ அத வச்சுத் தான் லின்ஜோ கிராமத்து மதகு திறக்கும்.