பூட்டுப் போட்டால் தீராதா?

நேயர்களுக்கு வணக்கம். கணினி நிரல்களில் வரும் பிழைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். பிழையில் பிடித்தது என்ன என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சி மொழியில் எழுதிய நிரல் ஒன்று ஒரு கோப்பைத் திறக்கப் பார்க்கிறது. கோப்பு இல்லை. 'முடியவில்லை' என்ற பதில் மட்டும் வருகிறது. ஏன் முடியவில்லை என்பது 'எர்நோ' என்ற இடத்தில் ஓர் எண்ணாக விழுகிறது. 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க காலத்தில் ஒரு நிரல் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்தது. அதனால் முழு நிரலுக்கும் ஒரே ஓர் எர்நோ போதுமானதாக இருந்தது.

பிறகு திரெட், அதாவது இழை, வந்தது. ஒரே நிரலுக்குள் பல இழைகள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கின. ஹோட்டல் சமையலறை வாசலில் ஒரே ஒரு சிலேட் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசை மாஸ்டர் 'மாவு தீர்ந்தது' என்று எழுதுகிறார். பரிமாறுகிறவர் வந்து படிப்பதற்குள் காபி போடுகிறவர் அதைத் துடைத்துவிட்டு 'பால் வரவில்லை' என்று எழுதிவிடுகிறார். தோசை கேட்டவரிடம் போய்ப் பால் இல்லை என்றால் அவர் என்ன சொல்வார்? முதல் இழைக்கும் அதே கதிதான். 2 என்று படிக்க வேண்டிய இடத்தில் 13 என்று படித்துவிட்டு, இல்லாத கோப்புக்கு அனுமதி தேடி அலைகிறது. எந்த இழை முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் இதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறோம். சோதிக்கும்போதெல்லாம் ஒழுங்காக ஓடிக் காட்டும், படுபாவி.

ஓர் இழை முடிக்கும்வரை மற்றவற்றைக் காக்க வைக்கும் பூட்டைப் போட்டால் தீராதா என்று உடனே கேட்பார்கள். தீராது. போகிற இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்: தீராது. எண்ணை எழுதுவது நூலகம், அதாவது நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்பு; படிப்பது நிரல். எழுதும் கணத்தை மட்டும் பூட்டிப் பயனில்லை. வேலை தொடங்கியதிலிருந்து எண்ணைப் படித்து முடிக்கும்வரை பூட்டியே வைக்க வேண்டும். யாராவது விசைப்பலகையைத் தட்டட்டும் என்று காத்திருப்பதே அந்த வேலையாக இருந்தால்? மற்ற இழைகளும் சேர்ந்து காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

அதனால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கென்று 1995இல் வந்த போசிக்ஸ் திரெட் தரநிலை, இழைக்கு ஓர் எர்நோ என்று விதித்தது. நூலகங்கள் அதைச் செய்த விதம்தான் அழகு. பெயரை மாற்றவில்லை. நிரலில் எர்நோ என்றே எழுதலாம். கம்பைல் செய்யும்போது, அதாவது நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது, அது 'இந்த இழைக்குரிய இடம் எது?' என்று கேட்கும் அழைப்பாக மாறிவிடும். பழைய நிரல்களை மறுபடி கம்பைல் செய்தால் போதும். ஆனால் எர்நோ என்பது ஒரு சாதாரண முழு எண் என்று தாங்களாகவே அறிவித்துக்கொண்ட நிரல்களும் இருந்தன. பாதுகாப்புக்குப் பெயர்போன, பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயில் என்ற மின்னஞ்சல் நிரல் அவற்றில் ஒன்று. லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் குனு சி நூலகத்தின் புதிய பதிப்போடு சேர்த்துக் கட்டப்போனால் பாதியில் நின்றுவிடும். திருத்தம் என்னவோ ஒரு வரிதான்.

சரி, தனித்தனி இடம் கொடுத்தாயிற்று, ரேஸ் ஒழிந்ததா? அந்த இடத்தை யாராவது ஒதுக்க வேண்டுமே! ஓர் இழை பிறக்கும் நேரத்தில் இன்னோர் இழை, இழைக்கு ஓர் இடம் கேட்கும் புதிய நூலகத்தை ஏற்றினால், ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒன்று படிக்க, மற்றொன்று மாற்றும். குனு சி நூலகத்தில் பல ஆண்டுகள் கிடந்த இந்தப் பிழை 2021இல், 2.34 பதிப்பில் திருத்தப்பட்டது. இங்கே பூட்டு சரிதான். ஆனால் நூலகம் ஏற்றுவதற்கென்று ஏற்கெனவே இருந்த பூட்டையே எடுத்துக்கொண்டார்கள். ஏறுகிற நூலகம் தன் தொடக்க வேலையில் இன்னோர் இழைக்காகக் காத்திருக்கும். அந்த இழையோ புதிய இழையைப் படைக்க அதே பூட்டுக்காகக் காத்திருக்கும். இரண்டும் நகராது. அடுத்த பதிப்பில் தனிப் பூட்டு வந்த பிறகே விடிந்தது.

இழை முடியும்போது அதன் இடத்தை யார் துடைப்பது என்பதைப் பைதான் மொழியை வைத்துச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: 2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13, ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடும் பொதுப்பூட்டு இல்லாமல் ஓடும் வசதியைச் சோதனை அளவில் தந்தது. பைதானுக்குச் சி மொழியில் நீட்சி எழுதி வைத்திருப்பவர்கள், அந்தப் பூட்டை நம்பி எழுதிய இடங்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.