அப்பா குரல் நடுவில் தொலையுமா?

வணக்கம். போன பேச்சுக்கு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவில்லை. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “அப்பா பாடிய கேசட் ஒன்று இருக்கிறது, கணினியில் ஏற்றப் போகிறேன். கணினி ஒலியை விநாடிக்கு 44,100 முறைதான் அளக்கும் என்றீர்களே, இரண்டு அளவுக்கு நடுவில் இருக்கும் அப்பா குரல் தொலைந்து போகாதா? 96,000 வைக்கட்டுமா?”

தொலையாது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். இரண்டு மடங்குக்கு மேல்! ஒலியில் இருக்கும் உச்ச அதிர்வெண்ணை (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது, ஹெர்ட்ஸ் கணக்கு) போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் நடுவில் இருப்பதும் கைக்கு வந்த மாதிரிதான். சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள்தான் அளவுகள், வளைந்து போகிற கோடுதான் ஒலி. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, “ஒரே புள்ளிக்குப் பத்துக் கோலம் போடலாமேடா” என்றார்கள். சரியான கேள்வி! அதனால்தான் ஒரு நிபந்தனை: கோடு இந்த வேகத்துக்கு மேல் வளையக்கூடாது. அப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் புள்ளிகளுக்கு ஒரே ஒரு கோலம்தான்.

நிபந்தனையைக் காப்பாற்றத்தான் அளப்பதற்கு முன்னால், அதைவிட வேகமாக அதிர்வதை வெட்டிவிடும் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். அது இல்லாமல் 25,000 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்தால் 19,100 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வரும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுமே, அதே கதைதான்.

நம் காது 20,000 வரைதான் கேட்கும். இரண்டு மடங்கு 40,000, கொஞ்சம் இடம் விட்டு 44,100. அதென்ன ஒட்டிக்கொண்டு ஒரு 100? அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். வீடியோ படம் வரி வரியாக வரும்; பாதிப் படத்தின் வரிகள் சேர்ந்தது ஒரு புலம். ஒரு வரிக்கு 3 அளவு, ஒரு புலத்துக்கு 245 வரி, விநாடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள்.

வீட்டில் பதிந்த கேசட்டில் 15,000-க்கு மேல் உருப்படியாக ஒன்றும் இருக்காது. 96,000 வைத்தால் இரைச்சலைத்தான் பத்திரமாகச் சேர்த்து வைப்பீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கேசட்டை ஓட்டும் டெக்கில், டேப் உரசிப் போகிற ஹெட்டைத் துடைத்தீர்களா? பாட்டியின் தாலாட்டை நான் மாற்றியபோது எண்களை எல்லாம் பெரிதாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டி போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி வந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட்டைத் துடைத்தால், குச்சி காபித்தூள் நிறத்தில் வருகிறது. ஹெட் பக்கத்தில் அதன் சாய்வை மாற்றும் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். பழைய நிலையை அடையாளம் வைத்துக்கொண்டு அதைக் கால் சுற்றுகூட இல்லாமல் திருப்பினேன், ‘ஆராரோ’வுக்கு நடுவில் பாட்டி மூச்சு வாங்குவது கேட்டது. எந்த எண்ணும் அதைக் கொடுக்காது.

அப்புறம் லெவல், அதாவது எவ்வளவு சத்தமாகப் பதிகிறோம் என்பது. ஒவ்வொரு அளவும் ஓர் எண்ணாகப் பதிகிறது; அந்த எண்ணுக்கு 16 பிட் (பூஜ்யம்-ஒன்று இலக்கங்கள்) கொடுத்தால் 65,536 படிகள். கடைசிப் படிக்கு மேலே எண்ணே கிடையாது, அலையின் தலை மொட்டையாகிவிடும். எனக்கு அதுவும் ஆனது, இரண்டாவது பாட்டு முழுக்கக் கரகரப்பு. மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. 24 பிட் வையுங்கள், அதில் 1,67,77,216 படிகள்; சத்தத்தைக் குறைத்துப் பதிந்தாலும் நஷ்டம் தெரியாது.

அப்பா எந்த இடத்தில் உச்சத்துக்குப் போவார் என்று உங்களுக்குத்தான் தெரியும். முதலில் அந்த இடத்தை ஓட்டி, மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் (பூஜ்யம்தான் அந்தக் கடைசிப் படி) தாண்டாதபடி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். 44,100 போதும்.