போன் ஒட்டுக்கேட்பு: யார் கையெழுத்து?

சரி, இந்த வாரக் கேள்விகளில் ஒன்று, ரெண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "ஐயா, ஒருவர் வீட்டைச் சோதனை போட போலீஸ் நீதிமன்றத்தில் வாரண்ட் வாங்குகிறது. அப்படியென்றால் என் போனை ஒட்டுக்கேட்கவும் நீதிபதி அனுமதி வேண்டும்தானே? என் தோழி தேவையில்லை என்கிறாள். எங்களில் யார் சரி? இன்னொன்று, சில நாட்களாகப் பேசும்போது டிக் டிக் என்று சத்தம் வருகிறது, என்னை யாராவது கேட்கிறார்களா?"

டிக் டிக்குக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியில் தோழி ஜெயித்துவிட்டார் அம்மா, அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் அரசு போனை ஒட்டுக்கேட்க நீதிபதி தேவையில்லை. வீட்டுச் சோதனையிலேயே வாரண்ட் இல்லாமல் நுழைய விதிவிலக்குகள் உண்டு, அது வேறு கதை. போனைப் பொறுத்தவரை விதியே இதுதான்.

நம்முடைய பழைய நேயர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். ஆதார் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், தடுப்புக் காவல் பற்றிப் பேசியபோதும் சொன்னேன். அதிகாரம் பற்றி எந்தச் சட்டத்தைப் படித்தாலும் முதலில் அதிலுள்ள பெரிய பெரிய வார்த்தைகளைப் பார்க்காதீர்கள், கீழே யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். இங்கே கையெழுத்து உள்துறைச் செயலாளருடையது. மத்திய அரசு என்றால் மத்திய உள்துறைச் செயலாளர், மாநிலம் என்றால் மாநில உள்துறைச் செயலாளர். போலீஸ் அவர் துறைக்குக் கீழே வருகிறது. அனுமதி கேட்பதும் அந்தத் துறை, கொடுப்பதும் அந்தத் துறை.

வார்த்தைகள் என்னவோ நன்றாகத்தான் இருக்கின்றன. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டம், பிரிவு 5(2). வெள்ளைக்காரன் போட்ட சட்டம், தந்திக்காகப் போட்டது. அதில் ரெண்டு வாசல் இருக்கிறது. பொது அவசரநிலை ஒன்று ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட வேண்டும். இதில் ஏதாவது ஒரு வாசல் வழியாக உள்ளே வந்த பிறகுதான் நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது ஆகிய காரணங்களில் ஒன்றைக் காட்டி, அதை எழுத்திலும் பதிவு செய்து உத்தரவு போடலாம். இப்போது இதன் இடத்துக்கு வந்திருக்கும் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 20(2), கிட்டத்தட்ட இதே வாசல்களை வைத்திருக்கிறது, பேரிடர் மேலாண்மையைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்து மாறவில்லை.

இதற்கெல்லாம் நடைமுறை விதி எப்போது வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1885 சட்டத்துக்கு 1996 வரை ஒழுங்கான நடைமுறையே கிடையாது. நூறு வருஷத்துக்கு மேல்! அதுவும் அரசியல்வாதிகளின் போனில் கை வைத்ததால்தான் வந்தது. 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டில் பதவி விலகினார். அப்புறம், பின்னால் பிரதமரான சந்திரசேகர், என் போனையும் கேட்கிறார்கள் என்றார், சி.பி.ஐ. விசாரித்து அறிக்கை கொடுத்தது, அது வெளியே வந்ததும் 1991இல் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. இதில் ஒரு வேடிக்கை. அதே சந்திரசேகர் பிரதமராக இருந்தபோது, அதே 1991 மார்ச்சில், ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் ஹரியானா போலீஸ்காரர்கள் ரெண்டு பேர் வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் சண்டை பிடித்து, அவர் ராஜினாமா செய்யும்படி ஆகிவிட்டது. ஒட்டுக்கேட்கப்பட்டேன் என்று புகார் சொன்ன மனிதருடைய ஆட்சி, வேவு பார்த்த புகாரில் போயிற்று.

அந்தக் காலத்தில் நான் ஜூனியராக இருந்தேன். சீனியரிடம் ஒரு கட்சிக்காரர் வருவார், வழக்குக் கட்சிக்காரர்தான், ஆனால் அரசியல் கட்சியிலும் இருந்தார். ஊரெல்லாம் இந்தப் பேச்சு ஓடியதில் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன் பேசும்போதெல்லாம் பக்கத்தில் டிரான்சிஸ்டரைச் சத்தமாக அலறவிட்டுவிட்டுத்தான் பேசுவார். ஒட்டுக்கேட்பவனுக்குக் கேட்டதோ இல்லையோ, எங்களுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்காது. ஒருமுறை வாய்தா தேதியைத் தப்பாக வாங்கிக்கொண்டு தவறான நாளில் போய் நின்றார். சீனியர் தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1996 டிசம்பர் 18, பி.யூ.சி.எல். தீர்ப்பு. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. போனில் பேசுவதும் அந்தரங்க உரிமைக்குள் வரும் என்றது. உள்துறைச் செயலாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அவசரமென்றால் மட்டும் அவர் அதிகாரம் கொடுத்த இணைச் செயலாளர் நிலை அதிகாரி போடலாம், உத்தரவு ரெண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழு ஒன்று பார்க்க வேண்டும் என்று வழிமுறைகள் வகுத்தது. இதையெல்லாம் பின்னால் தந்தி விதிகளில் 419ஏ என்று சேர்த்தார்கள், 2024 டிசம்பரில் அதற்குப் பதில் புதிய விதிகள் வந்துவிட்டன. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்று பி.யூ.சி.எல். கேட்டது அம்மா, நீங்கள் கேட்ட அதே கேள்விதான். சட்டத்தில் அப்படி ஏற்பாடு இல்லாதபோது நாங்கள் அதைக் கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இடத்தில்தான் கையெழுத்து உள்துறையிலேயே தங்கிப்போனது.

மறுஆய்வுக் குழு இருக்கிறதே என்பீர்கள். அங்கேயும் அதே கேள்விதான், யார் கையெழுத்து? மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு துறையின் செயலாளர். எல்லாரும் ஒரே வராந்தாவில் நடப்பவர்கள். நீதிபதி இல்லை, எம்.பி. இல்லை, எதிர்க்கட்சி இல்லை. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தன் அறிக்கையில், ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் குழு 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வரை பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமா என்று கேட்டது. நான் கணக்குப் போட்டேன். காபிக்குக்கூட எழுந்திருக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல். காகிதத்தைப் புரட்டவே நேரம் போதாது.

அப்படி ஒரு காகிதம் எப்படி இருக்கும்? ஒரு வழக்கில் கட்சிக்காரருக்குக் கிடைத்த நகலை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த மாநிலம், எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ஒரே பக்கம். சட்டத்தில் இருக்கும் வாசகம் அப்படியே இறக்கியிருந்தது. நடுவில் கோடு போட்ட இடத்தில் பத்து இலக்க எண் மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. "பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு" என்று அச்சிட்டிருந்ததில் எது பொருந்துகிறதோ அதை வைத்துவிட்டு மற்றதை அடிக்க வேண்டும் இல்லையா? ஒன்றையும் அடிக்கவில்லை. அந்த "அல்லது" அப்படியே நிற்கிறது. எந்த வாசல் வழியாக வந்தார் என்றே கையெழுத்துப் போட்டவர் யோசிக்கவில்லை. எனக்கு அந்த "அல்லது" இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில்தான் பிடிக்கின்றன. பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ ரகசியமாக நடக்கும் சங்கதி அல்ல, சாதாரண விவேகமுள்ள எவருக்கும் கண்ணுக்குத் தெரியும் என்று பி.யூ.சி.எல். தீர்ப்பிலேயே இருக்கிறது. ஊரில் கலவரம் என்றால் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதிகாரியின் மேஜைக்கு மட்டும் தெரிந்த அவசரநிலை என்று ஒன்று கிடையாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகச் சொன்ன பிறகு இந்தப் பிடி இறுகியது. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்கில் சி.பி.ஐ.க்காகப் போட்ட மூன்று ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது. 2025 ஜூலை 2 அன்று நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதே வழியில் போனார். அதுவும் லஞ்ச வழக்கு, வருமான வரி சம்பந்தப்பட்டது, 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை போட்ட உத்தரவு. ரகசியமாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றார். ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழு முன்னால் வைக்கவே இல்லை என்பதையும் எடுத்துக்காட்டி உத்தரவை ரத்து செய்தார்.

உடனே கைதட்டிவிடாதீர்கள். அதற்குச் சில நாட்கள் முன்னால்தான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழல் பொருளாதாரத்தையே பாதிப்பதால் பொதுப் பாதுகாப்புக்குள் வரலாம் என்று நேர் எதிராகச் சொல்லியிருந்தது. கம்ப்யூட்டர் வழியாகப் போகிற தகவலுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 69 என்று இன்னொரு கதவு இருக்கிறது, அதில் இந்த ரெண்டு வாசலும் கிடையாது, எந்தக் குற்றத்தை விசாரிக்கவும் பயன்படுத்தலாம். அது தனி வீடியோ.

இப்போது அந்தப் பெண் கேட்காத, கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற கேள்விக்கு வருகிறேன். நீதிபதி அனுமதி வேண்டுமா என்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. ஒட்டுக்கேட்டார்கள் என்று எனக்கு எப்போது சொல்வார்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் நல்ல கேள்வி. பதில், ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். சென்னை வழக்கின் மனுதாரருக்கு எப்படித் தெரிந்தது? அவர் மேல் குற்ற வழக்கு வந்ததால் தெரிந்தது. உரையாடலை ஆதாரமாகக் காட்ட வேண்டியிருந்தால்தான் அந்தக் காகிதம் வெளியே வரும். 2011இல் உத்தரவு, 2018இல் ரிட் மனு, 2025இல் தீர்ப்பு. வழக்கே வராத ஆள், அதாவது ஆறு மாதம் கேட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்று விட்டுவிடப்பட்ட நிரபராதி, அவருக்குச் சாகும் வரை தெரியாது. தெரியாத உத்தரவை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று சொல்லாதீர்கள். ஒரு வழக்கறிஞர் தன் சொந்த எண் கண்காணிக்கப்படுகிறதா என்று கேட்டுப் பார்த்தார். நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தகவல், தர வேண்டியதில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. அதற்குமேல், 419ஏ விதியிலேயே தேவைப்படாத ஒட்டுக்கேட்பு ஆவணங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்று இருந்தது. பதிவை அழிப்பது நமக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பதிவோடு சேர்த்து உத்தரவுக் காகிதமும் போகிறது. கையெழுத்தே போய்விட்டால் யார் கையெழுத்து என்று நான் யாரைக் கேட்பேன்?

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே 1928இல் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே கம்பியில் கேட்டால் அது சோதனையே இல்லை என்றார்கள். 1967இல் கேட்ஸ் வழக்கு. பொதுத் தொலைபேசிக் கூண்டின் வெளிப்பக்கம் எஃப்.பி.ஐ. கருவி வைத்துக் கேட்டதற்கு, இதற்கும் நீதிபதி வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். 1968 சட்டத்தில் ஒரு சின்ன ஷரத்து இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. குற்ற வழக்குக்கான ஒட்டுக்கேட்பு முடிந்து 90 நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவருக்கு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உங்கள் பேச்சைக் கேட்டோம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நீதிபதி தள்ளிப்போடலாம், ஆனாலும் விதி அதுதான். அங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை, உளவுத்துறைக்கென்று 1978இல் ஒரு ரகசிய நீதிமன்றம் வைத்து, அதற்குள் என்ன நடந்தது என்பதை உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் 2013இல் சொல்லித்தான் உலகம் தெரிந்துகொண்டது. நான் இங்கே கொண்டுவரச் சொல்வது அந்தத் 90 நாள் கடிதத்தை மட்டும்தான். நீதிபதி அனுமதியைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கடிதம் வரட்டும்.

அந்த டிக் டிக். அம்மா, இன்றைக்கு உத்தரவு போட்டுச் செய்யும் ஒட்டுக்கேட்பு உங்கள் போனில் நடப்பதில்லை, போன் கம்பெனியின் பக்கத்தில் நடக்கிறது. உத்தரவு போய்ச் சேர்ந்தால் அங்கே உங்கள் எண்ணைச் சேர்ப்பார்கள், பேச்சு அங்கிருந்தே பிரிந்து போகும். உங்களுக்கு ஒரு சின்ன கரகரப்புகூட வராது. ஆகவே சத்தம் வந்தால் யாரோ கேட்கிறார்கள் என்று அர்த்தமில்லை, சத்தம் வராவிட்டால் யாரும் கேட்கவில்லை என்றும் அர்த்தமில்லை. ஹெட்செட் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்த கேள்வி. வாடகை ஒப்பந்தத்தை ஏன் எல்லாரும் பதினொரு மாதத்துக்கே போடுகிறார்கள் என்று ஒரு ஐயா கேட்டிருக்கிறார்.