சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் யார்? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். "சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் ராவணனின் மனைவி மண்டோதரி என்கிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாகத் தானியம் கேட்ட அறிஞர் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இரண்டும் கதைகள்தான். தானியக் கதையில் கணக்கு மட்டும் சரி. முதல் கட்டத்தில் ஒரு தானியம் என்று தொடங்கி 64 கட்டங்களுக்கும் கூட்டினால் 20 இலக்க எண் வரும். எந்த அரசனாலும் கொடுத்து மாளாது. ராவணன் மனைவி கதையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஜோன்ஸ் என்ற கீழைமொழி ஆய்வாளர் தம் கட்டுரையில் எடுத்துச் சொன்னார். அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் எங்கே பிறந்தது? வட இந்தியாவில், ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய 'ஹர்ஷசரிதம்' அரசனின் ஆட்சியில் நிலவிய அமைதியைப் புகழ்கிறது. வண்டுகள் சண்டையிடுவதைத் தவிர அங்கே சண்டையே இல்லையாம். சதுரங்கம் எனப்படும் நால்வகைப் படையின் அணிவகுப்பைக் கட்டம் போட்ட பலகையில்தான் பார்க்க முடியுமாம். படிப்பவர்களுக்கு ஏற்கெனவே இந்த ஆட்டம் தெரிந்திருந்தால்தானே இப்படிச் சிலேடையாக எழுத முடியும்? அதனால்தான் எந்தப் புராணக் கதையையும்விட இந்த ஒரு வரியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தியாவிலிருந்து ஆட்டம் பாரசீகத்துக்குப் போனது. அரபுகள் பாரசீகத்தை வென்றபோது அதையும் கற்றுக்கொண்டார்கள். 9ஆம் நூற்றாண்டில் அல்-அத்லி, அவருக்குப் பின் அல்-சூலி என்று பெரும் ஆட்டக்காரர்கள் தோன்றி, ஆட்ட நுணுக்கங்களைப் பற்றி நூல்களே எழுதினார்கள். ஆனால் அவர்கள் ஆடிய ஷத்ரஞ்ச், இன்று நாம் ஆடும் ஆட்டம் அல்ல. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ராணி நிற்கும் இடத்தில் அன்று மந்திரி நின்றார். குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் அவரால் நகர முடியும். பிஷப் நிற்கும் இடத்தில் யானை. அது குறுக்காக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். இடையில் வேறு காய் இருந்தாலும் தடையில்லை. ஒரு பலகையை எடுத்து நகர்த்திப் பாருங்கள். ஆட்டம் முழுக்கத் தாவினாலும் ஒரு யானையால் மொத்தம் எட்டுக் கட்டங்களைத்தான் தொட முடியும். இரு தரப்பிலும் உள்ள நான்கு யானைகளுக்கும் தனித்தனி எட்டுக் கட்டங்கள். ஆகவே எந்த யானையும் இன்னொரு யானையை ஒருநாளும் வெட்ட முடியாது! ஆட்டம் எவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆரம்ப நகர்த்தல்களைத் தாண்டி, பழகிய அணிவகுப்பு ஒன்றைப் பலகையில் அடுக்கிவிட்டு அங்கிருந்து ஆடும் வழக்கமே இருந்தது.

ஐரோப்பாவுக்கு ஆட்டம் 10ஆம் நூற்றாண்டுவாக்கில் போய்ச் சேர்ந்தது. பெரிய திருப்பம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினில் நடந்தது. மந்திரி இருந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்ட ராணிக்கு எல்லாத் திசைகளிலும் எவ்வளவு தூரமும் செல்லும் ஆற்றல் கிடைத்தது. பிஷப்பும் குறுக்கில் எவ்வளவு தூரமும் ஓடத் தொடங்கியது. முன்பு நெடுநேரம் பிடித்த தாக்குதல் சில நகர்த்தல்களில் முடிந்தது. 1497இல் ஸ்பெயின்காரர் லூசெனா அச்சிட்ட நூலில் பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும் அருகருகே இருக்கின்றன. சதுரங்கத்தின் இரண்டாவது பிறப்பு என்று இந்த மாற்றத்தைத்தான் சொல்வேன்.

இந்தியாவிலோ உள்நாட்டு விதிகள் 20ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தன. அந்த விதிகளில் வளர்ந்த பஞ்சாப் ஆட்டக்காரர் மீர் சுல்தான் கான், ஐரோப்பிய விதிகளைப் பின்னாளில்தான் பழகினார். 1929இல் லண்டன் போய் அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் வென்றார். அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தனி வீடியோவே வேண்டும்.

கேள்வி கேட்ட நேயருக்கு ஒன்று: ஷத்ரஞ்சை ஆடிப் பார்க்கத் தனிப் பலகை தேவையில்லை. ராணியையும் பிஷப்பையும் நான் சொன்ன பழைய முறையில் நகர்த்துங்கள். சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான். ராஜாவையும் மூலைக் காயையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் கோட்டை கட்டுதல் கிடையாது. எதிராளியின் ராஜாவைத் தவிர மற்றக் காய்களையெல்லாம் வெட்டிவிட்டாலும் வெற்றிதான். ஆனால் அடுத்த நகர்த்தலிலேயே அவரும் உங்கள் ராஜாவைத் தனியாக்கிவிட்டால் ஆட்டம் சமன்.