சிங்கப்பூர் டு நியூயார்க்: வாட்ச் முள்ளைத் தொடவே வேண்டாம்!

வணக்கம் மக்களே! ஒரு கையில உலக உருண்டை, இன்னொரு கையில தையல் நூல். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

நூலோட ஒரு முனையை சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல வைக்கிறேன். இன்னொரு முனை நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட். இப்ப இழுத்துப் பிடிக்கிறேன்... இருங்க, வழுக்குது. ஆங், பாத்தீங்களா? நூல் எங்க போகுது? வட துருவத்தை உரசிக்கிட்டு! தீர்க்கரேகைக் கணக்குல ஒண்ணு 104 டிகிரி கிழக்கு, இன்னொண்ணு 74 டிகிரி மேற்கு. கூட்டினா 178, அரை வட்டம் 180. கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதான் துருவம் வழியாப் போறது குறுக்குவழி. சுமார் 15,300 கிலோமீட்டர். பூமியில எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல அதிகபட்ச தூரமே 20,000 தான், யோசிச்சுப் பாருங்க.

ஆனா நான் போன ஃப்ளைட் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. ஜப்பான் பக்கமா ஏறி, பசிபிக்கைச் சுத்திக்கிட்டுப் போச்சு. ஏன்னா அங்க மேல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து, மேற்கிலிருந்து கிழக்கா அடிக்கும். வழக்கமா மணிக்கு 900 கிலோமீட்டர் போற விமானம், முன்னாடி ஸ்கிரீன்ல 1,000த்தைத் தாண்டிக் காட்டுச்சு. சுத்துவழிதான், ஆனா காத்து தள்ளி விடுது. அதனால கூகுள்ல தூரத்தைப் பாத்து 900 ஆல வகுத்து நேரம் கணக்குப் போடாதீங்க. ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது எல்லாம் டிக்கெட் நேரத்துல சேரும். மொத்தம் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல.

இதுக்குன்னே ஏ350-900 யூஎல்ஆர்னு ஒரு விமானம், ரொம்ப ரொம்ப தூரம் பறக்குற ஏர்பஸ் ரகம். டேங்க்ல 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடையைக் குறைக்கணுமே, அதனால சீட்டே 161 தான். எகானமி கிளாஸே கிடையாது. பர்ஸுக்குத்தான் வலி.

இப்ப வாட்ச் கதை. ராத்திரி 11:30க்கு கிளம்பினா மறுநாள் காலையில ஆறு மணி வாக்குல இறங்குறோம். டிக்கெட்டைப் பாத்துட்டு ஆறரை மணி நேரம்தானேன்னு கேக்காதவங்க இல்ல. மார்ச்சிலிருந்து நவம்பர் வரைக்கும் ரெண்டு ஊருக்கும் சரியா 12 மணி நேர வித்தியாசம். முள் வாட்ச் கட்டியிருந்தா மாத்தவே வேண்டாம், சிங்கப்பூர்ல மாலை ஆறுன்னா, நியூயார்க்ல காலை ஆறு. குளிர்காலத்துல மட்டும் 13.

திரும்பி வர்றப்போதான் நான் மாட்டினேன். வெள்ளி ராத்திரி நியூயார்க்ல ஏறினேன், இறங்கினது ஞாயிறு விடியக்காலை. நடுவுல ஒரு சனிக்கிழமையே காணோம்! நானோ ஹோட்டல் ரூமை சனிக்கிழமை காலையிலேயே போட்டு வெச்சிருந்தேன். அந்தக் காசுக்குத் தலைகாணி மட்டும் ஏசியில நல்லாத் தூங்குச்சு.